முதல் வரிசையில் இரண்டு டிஷ்யூ பாக்கெட்

அவருடைய சட்டைப் பையில் பேனா இருந்து நான் பார்த்ததில்லை. டிஷ்யூ பாக்கெட்டுகள் இருக்கும். மேல் பையில் இரண்டு, கால்சட்டையின் இரு பக்கமும் புடைத்துக்கொண்டு இன்னும் சில. சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவின் டேக்கா உணவங்காடி வாசலில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து விற்கும் சீன மாதுவிடம் வாங்குவார். அவருக்குச் சளித் தொல்லை கிடையாது. ஒரு பாக்கெட்டைக்கூட அவர் பிரித்ததை நான் கண்டதில்லை. எல்லாமே இடம் பிடிப்பதற்கு.

சிங்கப்பூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மதிய நேரத்தில் உணவங்காடியில் நாற்காலி கிடைப்பது கடினம். சாப்பாடு வாங்க வரிசைக்குப் போகுமுன் நாற்காலியில் ஒரு டிஷ்யூ பாக்கெட்டை வைத்துவிட்டுப் போவோம். அந்த இடம் பிறகு நமக்குரியது. கையில் சூடான தட்டோடு பத்துப் பேர் சுற்றிச் சுற்றி வருவார்கள். ஒருவரும் அந்தப் பாக்கெட்டைத் தொடமாட்டார்கள். யாருடையது, எதற்காக, எப்போது வருவார் என்று கேட்கமாட்டார்கள். அது சட்டத்தில் இல்லை. எழுதியும் வைக்கவில்லை. ஆனாலும் நடக்கிறது.

அவர் இதை மற்றவர்களைவிடத் தீவிரமாக எடுத்துக்கொண்டவர். தனக்காக இடம் பிடித்து நான் பார்த்ததில்லை. எப்போதும் யாருக்காகவாவது பிடிப்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் லிட்டில் இந்தியா முழுக்கக் கட்டுமானத் தொழிலாளர்கள் நிறைந்திருப்பார்கள். ஊரிலிருந்து புதிதாக வந்த பையன்கள் குடும்பங்கள் உட்கார்ந்திருக்கும் மேசைக்குப் பக்கத்தில் வரத் தயங்கித் தட்டோடு தூண் ஓரம் நிற்பார்கள். அவர் கையைக் காட்டிக் கூப்பிட்டு, பாக்கெட்டை எடுத்துவிட்டு உட்கார வைப்பார். வந்தவர்கள் நன்றி சொன்னால் எரிச்சலாகிவிடுவார். "நான் என்ன என் எடத்தயா குடுத்தேன்? ஒங்க எடம்தான். சாப்டு" என்பார்.

இனிமையான மனிதர் என்று நினைத்துவிட வேண்டாம். சண்டைக்காரர். ஒருமுறை மனைவியின் உறவினர்கள் வருகிறார்கள் என்று ஆறு நாற்காலிகளைப் பிடித்து வைத்திருந்தார். அவர்கள் திட்டத்தை மாற்றிக்கொண்டு எல்லை தாண்டி ஜொகூருக்குப் போய்விட்டார்கள், இவருக்குச் சொல்லவில்லை. உணவங்காடி நெரிபட்டுக்கொண்டிருந்தது. குழந்தையைத் தூக்கி வந்த ஒரு பெண்ணுக்குக்கூட அவர் அந்த நாற்காலிகளை விடவில்லை. நானே எழுந்து என் இடத்தைக் கொடுத்தேன். "அண்ணே, வராத ஆளுக்கு எதுக்கு இவ்வளவு?" என்று கேட்டேன். "வரலைன்னு அவங்க சொல்லட்டும். அதுவரைக்கும் எடம் அவங்களுது" என்றார். அன்று எனக்கு அவர் மீது வந்த கோபம் ஒரு வாரம் இருந்தது.

செம்பவாங் பக்கம் ஒரு கப்பல் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கப்பலின் அடிவயிற்றில் இரும்புத் தொட்டிகள் இருக்கும். பழுது பார்க்கவும் சாயம் அடிக்கவும் ஆட்கள் ஒரு துவாரம் வழியாக உள்ளே இறங்குவார்கள். அந்தத் துவாரத்தின் வாயில் ஓர் ஆள் நின்றுகொண்டே இருக்க வேண்டும். உள்ளே இறங்குகிறவர் தன் அட்டையை வாயிலில் மாட்டிவிட்டு இறங்குவார், ஏறி வந்ததும் அவரே கழற்றிக்கொள்வார். அட்டை தொங்கும்வரை காவல் ஆள் நகரக் கூடாது, காற்று ஊதும் இயந்திரத்தை நிறுத்தக் கூடாது, மூடியைப் போடக் கூடாது. பல வருடங்கள் அவருடைய வேலை அதுதான். நிற்பது.

ஒருநாள் மேற்பார்வையாளர் அவசரத்தில் இவரை வேறொரு வேலைக்கு அனுப்பிவிட்டு, எல்லாரும் சாப்பிடப் போய்விட்டார்கள் என்று தானே முடிவு செய்து, அட்டைகளைக் கழற்றிப் பெட்டியில் போட்டுவிட்டார். மூடி விழுந்தது. காற்று ஊதும் இயந்திரம் நின்றது. இவர் திரும்பி வந்தபோது அட்டையும் இல்லை, காற்றும் இல்லை. உள்ளே ஒரு சாயக்காரர் இருந்தார். இழுத்து வெளியே போட்டார்கள், பிழைத்துக்கொண்டார். இவர் மேற்பார்வையாளரை அறைந்தார். அந்த ஒரு அறைக்காகக் கடைசிவரை அவருக்குப் பதவி உயர்வு வரவில்லை.

இந்தச் சம்பவத்தை அவர் எனக்கு ஒரே ஒரு தடவைதான் சொன்னார், அதுவும் வேறு ஏதோ பேச்சில். "அட்டை தொங்குதுன்னா ஆள் உள்ள இருக்கு. மாட்டுனவன்தான் கழட்டணும். இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றார். அதனால்தான் அவர் இப்படி ஆனார் என்று எழுதினால் கட்டுரை அழகாக இருக்கும். ஆனால் அவருடைய மனைவி அதை ஒப்புக்கொள்ளமாட்டார். கல்யாணத்தன்றே பந்தியில் மணப்பெண்ணான தனக்கு இடம் பிடித்து வைத்துவிட்டுத் தாலி கட்ட வந்த ஆள்தான் இவர் என்பார்.

நான் அப்போது ஒரு தமிழ்ப் பத்திரிகையில் துணையாசிரியர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தேன். ஞாயிறு கோயிலுக்குப் போய்விட்டு டேக்காவில் சாப்பிடும் பழக்கத்தில் அறிமுகமானவர்கள் அவர்கள். அவரை அண்ணன் என்றும் அந்த அம்மாவை அண்ணி என்றும் கூப்பிட்டேன். அவர்கள் என்னைத் தங்கச்சி என்பார்கள்.

அண்ணிக்குக் கண் அழுத்த நோய். நாங்கள் பழகிய சில வருடங்களில் இடது கண் முழுக்கப் போய்விட்டது. வலது கண் ஓரங்களிலிருந்து இருண்டுகொண்டே வந்து, நேர் எதிரே ஒரு சிறு வட்டம் மட்டும் மிஞ்சியிருந்தது. ஒரு குழாய்க்குள் கண்ணை வைத்துப் பார்ப்பதுபோல என்பார். பக்கவாட்டில் எது வந்தாலும் தெரியாது. மங்கிய வெளிச்சத்தில் ஒன்றும் தெரியாது. அந்த வட்டமும் நிலைக்காது என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

அவர்கள் வீட்டுச் சுவரில் கல்யாணப் படம் ஒன்று இருந்தது. ஜாலான் புசாரில் இருந்த ஒரு ஸ்டூடியோவில் எடுத்தது. பின்னால் சாயத்தில் வரைந்த திரை: ஐஃபிள் கோபுரம், அதன் பக்கத்தில் ஒரு தென்னை மரம். ஓவியர் கோபுரத்தைப் பார்த்திருக்க நியாயமில்லை. தென்னையை நன்றாகவே பார்த்திருக்கிறார், குரும்பைகள்வரை வரைந்திருந்தார். அதன் முன்னால் இருவரும் விறைப்பாக நிற்கிறார்கள். மருத்துவர் சொன்ன அன்று அண்ணி வீட்டுக்கு வந்து அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாராம்: "பொய்யா ஒரு தடவ நின்னாச்சு. கண்ணு இருக்கும்போதே நெசமா ஒரு தடவ நிக்கணும்."

சிராங்கூன் சாலையிலிருந்து ஐரோப்பாவுக்குக் குழுவாக அழைத்துப் போகும் நிறுவனங்கள் உண்டு. சாம்பாரும் சப்பாத்தியும் உறுதி. அப்படி ஒன்றில் சேர்ந்தார்கள். என்னையும் வரச் சொன்னவர் அண்ணி. "ஒங்கண்ணன் கூட வந்தாலும் ஒண்ணையும் பாக்கமாட்டாரு. எடம் புடிச்சுட்டு நிப்பாரு. எங்கூட பாக்க ஒரு ஆள் வேணாமா?" என்றார்.

ஒரு நிபந்தனையும் போட்டார். தன் கண்ணைப் பற்றி யாரிடமும் சொல்லக் கூடாது. "குருடின்னு சொல்லி எடம் வாங்க வேணாம். பாக்கெட் போதும்."

பாக்கெட் போதுமாகத்தான் இருந்தது. லண்டனில் முதல் நாளே அண்ணன் மற்றவர்களுக்கு முன்பாக எழுந்து, பேருந்தின் முதல் வரிசையில் வாசல் பக்கம் இருந்த இரண்டு இருக்கைகளிலும் ஒவ்வொரு பாக்கெட் வைத்தார். அங்கே உட்கார்ந்தால் முன் கண்ணாடி வழியாகச் சாலை நேராகத் தெரியும். அண்ணியின் வட்டத்துக்குள் ஊர் ஒவ்வொன்றாக வந்து விழும். குழுவில் எல்லாரும் சிங்கப்பூர்க்காரர்கள். ஏறினார்கள், பாக்கெட்டைப் பார்த்தார்கள், பின்னால் போனார்கள். பக்கிங்ஹாம் அரண்மனையின் வாயிலை அண்ணி முழுசாகப் பார்த்தார். அடுத்த நாளும் அப்படியே. ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. எனக்கு நம் ஊர்க்காரர்கள் மீது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

பாரிஸில் அது முடிந்தது.

குழுவில் வீடு வாங்கி விற்கும் ஏஜெண்ட் ஒருவர் இருந்தார். கிளமெண்டியில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் தபால் பெட்டிகளில் அவருடைய சிரித்த முகம் அச்சடித்த துண்டுத்தாள்கள் வந்து விழும். அதனால் பயணம் தொடங்குமுன்பே அந்தச் சிரிப்பு எனக்குப் பழக்கம். கெட்டவர் என்று சொல்லமாட்டேன். விமானத்தில் எல்லாருக்கும் முறுக்கு கொடுத்தார். அன்று காலை அவருக்கு முன் கண்ணாடி வழியாகப் பாரிஸைக் காணொளி எடுக்க வேண்டும் என்று தோன்றியிருக்கிறது. நாங்கள் பேருந்துக்கு வந்தபோது அவரும் அவர் மனைவியும் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பாக்கெட்டுகளும் பின்னால் ஒன்பதாவது வரிசையில் கிடந்தன. யாரோ எடுத்து அங்கே எறிந்திருந்தார்கள். ஒன்று தரையில் விழுந்து மிதிபட்டிருந்தது.

அண்ணன் மனைவியின் கையைப் பிடித்தபடி படியில் நின்றார். "எடுத்தது யாரு?" என்று கேட்டார்.

"நான்தான் அங்கிள்" என்றார் ஏஜெண்ட். ஒளித்துப் பேசவில்லை. "டெய்லி நீங்களே உக்காந்தா எப்படி? இது டேக்கா மார்க்கெட் இல்ல லா. பாரிஸ். இங்கல்லாம் யாரு முதல்ல வராங்களோ அவங்க உக்காரலாம்."

"முதல்ல வந்தது நான்."

"வந்தது டிஷ்யூ. நீங்க இல்ல."

பின்னால் சிலர் சிரித்தார்கள். நல்ல பதில் என்று நினைத்தார்கள் போலும்.

குழுவை அழைத்து வந்த பெண்ணுக்கு முப்பது வயது இருக்கும், ஓடியாடி வேலை செய்கிறவள். அவள் இருவருக்கும் நடுவில் வந்து, எல்லாரும் காசு கட்டித்தான் வந்திருக்கிறார்கள், மாறி மாறி உட்காருவதுதான் நியாயம் என்றாள். அந்த விதி அந்த நிமிடம்தான் பிறந்தது. குழுவில் பலரும் அதை உடனே ஆமோதித்தார்கள். அட்ஜஸ்ட் பண்ணிக்கொள்ளலாமே என்று ஒருவர் சொன்னார். அட்ஜஸ்ட் என்ற அந்தச் சொல் எப்போதும் உட்கார்ந்திருக்கிறவர் வாயிலிருந்துதான் வருகிறது.

அண்ணன் வாயைத் திறந்தார். அண்ணி அவர் முழங்கையை அழுத்தினார். அவர் வாயை மூடிக்கொண்டார். கண்ணைப் பற்றிச் சொல்லியிருந்தால் அவர்கள் எழுந்திருப்பார்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஐயோ ஆன்டி என்று எழுந்திருப்பார்கள், மிச்சப் பயணம் முழுக்க அண்ணியின் கையைப் பிடித்து இறக்கியிருப்பார்கள், குடும்பத்தில் யாருக்கெல்லாம் கண் போயிற்று என்று கதை சொல்லியிருப்பார்கள். அதைத் தவிர்க்கத்தான் அந்த அம்மா பாக்கெட்டை நம்பினார். பாக்கெட்டின் அழகே அது காரணம் கேட்காது என்பதுதான். ஊரில் ஒரு நாற்காலிக்கு நாம் கொடுக்கும் அந்த மரியாதையை, பதிமூன்று மணி நேரம் பறந்து வந்த பிறகு, நோய்ச் சான்றிதழ் காட்டினால்தான் தருவோம் என்றால் அதற்கு என்ன பெயர்?

ஒன்பதாவது வரிசை. அன்று காலை நகரம் முழுக்க எங்களைச் சுற்றிக் காட்டினார்கள். ஒலிபெருக்கியில் குரல் வரும்: இடது பக்கம் பாருங்கள், வெற்றி வளைவு. அண்ணி இடது பக்கம் திரும்புவார். அவருடைய சிறு வட்டத்தில் ஒரு மரமோ ஒரு தூணோ வேகமாக ஓடும். வளைவைப் பிடிப்பதற்குள் குரல் வலது பக்கம் போய்விடும். அண்ணி வலது பக்கம் திரும்புவார். எதிரே பார்த்தால் முன் இருக்கையின் சாம்பல் நிறத் துணி. ஆற்றைக் கடந்தோம், அரண்மனையைக் கடந்தோம், நாடக அரங்கைக் கடந்தோம். முதல் வரிசையில் ஏஜெண்ட் கைப்பேசியை முன் கண்ணாடியில் ஒட்டினாற்போல் பிடித்திருந்தார். நகரத்தை அவரும் பார்க்கவில்லை, திரையைத்தான் பார்த்தார்.

அண்ணன் மனைவிக்கு விவரித்துச் சொல்ல முயன்றார். அவருக்கு அது வராது.

"பெரிய கட்டடம்."

"எப்படி இருக்கு?"

"பழசு. நம்ம பழைய சுப்ரீம் கோர்ட் மாதிரி."

"அது?"

"அதுவும் பழசுதான். மேல கொஞ்சம் தங்கம்."

அண்ணி சிரித்தார். கொஞ்ச நேரத்தில் திரும்புவதை நிறுத்திவிட்டுக் கையை மடியில் வைத்து உட்கார்ந்துகொண்டார். அதைப் பார்த்த பிறகுதான் அண்ணன் மிதிபட்ட பாக்கெட்டை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

மதியச் சாப்பாட்டின்போது நான் குழுவை அழைத்து வந்த பெண்ணைத் தனியே அழைத்துப் பேசினேன். கண்ணைப் பற்றிச் சொல்ல எனக்கு உரிமையில்லை. வைத்த பாக்கெட்டை எடுத்தது தவறு, இடத்தைத் திரும்பக் கொடுக்கச் சொல் என்று மட்டும் கேட்டேன். "ஆன்டி, ஒரு டிஷ்யூவுக்காக நான் எப்படி இன்னொரு கஸ்டமர எழுப்ப முடியும்? ரீசன் இருந்தா சொல்லுங்க" என்றாள். சிங்கப்பூரில் நீ வைத்த பாக்கெட்டை எவராவது எடுத்தால் என்ன செய்வாய் என்று கேட்டேன். யாரும் எடுக்கமாட்டார்கள் என்றாள். ஏன் என்று கேட்டேன். அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

ஐஃபிள் கோபுரத்துக்கு நேர் எதிரே, ஆற்றின் மறுகரையில் உயரமான கல் மேடை ஒன்று இருக்கிறது. படம் எடுக்க எல்லாப் பேருந்துகளும் அங்கேதான் கொண்டுவந்து இறக்கும். எங்களுக்கு இருபது நிமிடம் தந்தார்கள். அதன் பிறகு வாசனைத் திரவியக் கடை, வரி விலக்கோடு. குழுவில் பாதிப் பேர் காலையிலிருந்தே அந்தக் கடையைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

மேடையின் விளிம்பில் இடுப்பளவு கல் சுவர். அங்கே நின்றால் கோபுரம் அடி முதல் நுனிவரை நேராகத் தெரியும். சுவர் முழுக்க ஆட்கள் மொய்த்திருந்தார்கள். வெள்ளை உடுத்திய மணப்பெண்கள் நாலைந்து பேர் படக்காரர்களோடு முறை பார்த்து நின்றார்கள். அண்ணி என் கையைப் பிடித்து மெதுவாகத்தான் நடப்பார். அண்ணன் பேருந்து நின்றதும் முதலில் இறங்கிப் போய்விட்டார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது சுவரின் மூலையில் அவர் நின்றுகொண்டிருந்தார். சுவர்மேல் அந்த மிதிபட்ட பாக்கெட் இருந்தது. கோபுரத்துக்கு முதுகைக் காட்டி, கூட்டத்தைப் பார்த்து, இரண்டு கைகளையும் கொஞ்சம் விரித்து நின்றார். அப்படி ஒரு நிற்பு அந்தச் சுற்றுலா மேடையில் வேறு யாரிடமும் இல்லை.

ஏஜெண்டும் அங்கேதான் இருந்தார். "அங்கிள், ஒரே ஒரு வீடியோ. ஒரு நிமிஷம் நகருங்க."

"ஆள் உள்ள இருக்கு" என்றார் அண்ணன்.

"எந்த உள்ள? இது ஓப்பன் பிளேஸ் லா."

"ஆள் உள்ள இருக்கு."

ஏஜெண்ட் என்னைப் பார்த்தார், இவருக்கு என்னவோ ஆகிவிட்டது என்பதுபோல. நான் அண்ணியை அவரைத் தாண்டி அழைத்துப் போய், விரித்த கைகளுக்குள்ளே, சுவரோரம் நிறுத்தினேன்.

அண்ணியால் கோபுரத்தை ஒரே பார்வையில் பார்க்க முடியாது. வட்டம் அவ்வளவு சிறியது. கீழிருந்து தொடங்கினார். தலையைக் கொஞ்சம் இப்படி, கொஞ்சம் அப்படி நகர்த்தி, கிடைத்த துண்டை நிறுத்தி வைத்துப் பார்த்து, அடுத்த துண்டுக்குப் போனார்.

"ஒரு கால் கெடச்சுது" என்றார். பிறகு, "ரெண்டு." வெகுநேரம் கழித்து, "தென்னமரத்தக் காணோம்."

"வெட்டிட்டான் போல" என்றார் அண்ணன், திரும்பாமலே.

இரும்பின் பின்னலில் அண்ணி கண்ணால் ஏறிக்கொண்டிருந்தார். இருபது நிமிடம் கடந்தது. குழுப் பெண் கையில் கொடியோடு ஓடி வந்து, பேருந்தை இங்கே நிறுத்தி வைக்க முடியாது, அபராதம் போடுவார்கள் என்றாள். "போங்க. நாங்க டாக்சில வரோம்" என்றார் அண்ணன். யாரையும் விட்டுப் போகத் தனக்கு அனுமதியில்லை என்றாள். "அப்ப நில்லுங்க" என்றார். கொஞ்ச நேரம் கழித்துக் குழுவினர் இரண்டிரண்டு பேராக வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ஒருவர் கடை மூடிவிடும் என்றார். ஏஜெண்டின் மனைவி, பெரியவர்கள் இப்படிப் பிடிவாதம் பிடித்தால் குழுவாக வரவே கூடாது என்று என்னிடம் சொன்னார். அண்ணன் கைகளை இறக்கவில்லை. கோபுரம் பக்கம் தலையையும் திருப்பவில்லை.

இருபது நிமிட நிறுத்தம் ஒரு மணி நேரத்தை நெருங்கியபோது அண்ணியின் தலை முழுக்க நிமிர்ந்திருந்தது. "நுனி வந்துருச்சு" என்றார். "அவ்வளவுதான். அதுக்கு மேல வானம்."

அப்போதுதான் அண்ணன் சுவர்மேலிருந்த பாக்கெட்டை எடுத்துப் பையில் போட்டார். போட்டுவிட்டுப் பேருந்தை நோக்கி நடந்தார். "அண்ணே, நீங்க பாக்கலையே" என்று கூப்பிட்டேன். "அதான் வீட்டுல போட்டோல இருக்கே" என்றார், நடையை நிறுத்தாமல்.

வாசனைத் திரவியக் கடைக்குப் போக நேரம் கிடைக்கவில்லை. அன்று மாலை குழுவின் வாட்ஸ்அப்பில் செய்திகள் வந்தன. முதலில் பெயர் சொல்லாமல் ஒன்று: சிலருடைய சுயநலத்தால் எல்லாரும் கஷ்டப்பட்டோம். பிறகு, வயதானவர்களைச் சேர்க்கும்போது நிறுவனம் யோசிக்க வேண்டும். கீழே வரிசையாகக் கட்டை விரல்கள். சற்று நேரத்தில் அண்ணனைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். அவர் கைப்பேசியை என்னிடம் நீட்டி, "தங்கச்சி, இதுல ஏன் எழுத விடமாட்டேங்குது?" என்று கேட்டார். காரணத்தைச் சொன்னேன். "ஓ" என்றார்.

நான் அந்தக் குழுவில் நான்கு வரி எழுதினேன். பத்திரிகையில் எழுதிய பழக்கப்படி: யார் எங்கே பாக்கெட் வைத்தார், யார் எடுத்தார், யார் சிரித்தார். அடைமொழி ஒன்றும் போடவில்லை. அதற்குக் கீழே யாரோ ஒருவர் கோபுரத்தின் படத்தைப் போட்டார். அதற்குப் பதினைந்து இதயங்கள் விழுந்தன. நம்மிடம் இருப்பது மரியாதை என்று இத்தனை வருடம் நம்பியிருந்தேன். விமான நிலையத்தில் பெட்டியோடு சேர்த்து ஒப்படைத்துவிட்டு, திரும்பி வந்ததும் மறுபடி எடுத்து மாட்டிக்கொள்ளும் ஒன்றை என்னவென்று அழைப்பது என்று எனக்கு இன்றும் தெரியவில்லை.

அடுத்த வருடத்துக்குள் அண்ணியின் வட்டமும் மூடிவிட்டது. பகலா இரவா என்பது மட்டும் தெரிந்தது. பிறகு அவர்கள் மகளோடு இருக்க ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார்கள். அவர்களைப் பார்த்துப் பல காலமாகிறது. போவதற்குச் சில வாரங்களுக்கு முன் நடந்த ஒன்றோடு முடிக்கிறேன்.

ஞாயிறு மதியம், டேக்கா. நான்கு நாற்காலி மேசை. நானும் அண்ணனும் உட்கார்ந்திருந்தோம். மூன்றாவது நாற்காலியில் பாக்கெட், அண்ணிக்கு. கோயிலில் தெரிந்த ஒரு பெண் அவரைக் கை பிடித்துக் கழிவறைக்கு அழைத்துப் போயிருந்தார். நான்காவது காலியாக இருந்தது. பேச்சின் நடுவில் அண்ணன் பையில் கை விட்டு, இன்னொரு பாக்கெட்டை எடுத்து அந்த நாற்காலியில் வைத்தார். யாரோ வருகிறார்கள் என்று நினைத்தேன்.

சற்று நேரத்தில் பிரியாணிக் கடை வரிசையிலிருந்து ஏஜெண்ட் வந்தார். தனியாக. கையில் தட்டு, தண்ணீர்க் குவளை. உணவங்காடியை ஒரு சுற்று வந்தார், இடமில்லை. எங்கள் மேசைக்கு வந்தபோதுதான் எங்களை அடையாளம் கண்டார். அந்தச் சிரிப்பு வந்தது. பிறகு பார்வை நாற்காலிக்குப் போயிற்று. பாக்கெட்டைப் பார்த்தார். தட்டைப் பிடித்திருந்த கை அப்படியே நின்றது. பாரிஸில் எடுத்து எறிந்த அதே மனிதர், இங்கே அதைத் தொடவில்லை.

"அங்கிள், ஆள் இருக்கா?" என்று கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார்.

"ஆள் உள்ள இருக்கு" என்றார் அண்ணன்.

ஏஜெண்ட் தலையை ஆட்டிவிட்டுப் போய், சற்றுத் தள்ளித் தூண் ஓரம் நின்றபடியே சாப்பிட ஆரம்பித்தார்.

"யார்ணே வராங்க?" என்று கேட்டேன்.

"யாருமில்ல. அவன் வரிசைல நிக்கும்போதே பாத்துட்டேன்."

எனக்குத் தெரிந்து யாருக்காகவும் இல்லாமல் அவர் பிடித்த ஒரே இடம் அதுதான். அதற்காக அவரைக் கண்டிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. கொஞ்சம் பயமாக இருந்தது, அவ்வளவுதான்.

அண்ணி வந்தார். கையால் தடவித் தன் நாற்காலியைக் கண்டு, பாக்கெட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பக்கத்து நாற்காலியிலும் கை பட்டது. அங்கேயும் பாக்கெட்.

"இது யாருக்கு?"

"பாரிஸ்ல முன்னாடி ஒக்காந்தானே, அவன் வந்திருக்கான்" என்றார் அண்ணன்.

அண்ணி எடுக்கச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் அந்தப் பாக்கெட்டைத் தொட்டு, நாற்காலியின் நடுவில் சரியாக நகர்த்தி வைத்தார்.

"நிக்கிறானா?"

"நிக்கிறான்."

"எங்க?"

"ஒனக்கு நேரா. தூண்கிட்ட."

அண்ணி முகத்தை நிமிர்த்தினார். தூண் இருந்த திசையில், கல் மேடையில் நின்று நுனிவரை பார்த்த அதே நிதானத்தோடு, கண்களைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். தூணருகே ஏஜெண்ட் தட்டிலிருந்து தலை தூக்கினார், மறுபடி குனிந்துகொண்டார்.

"சரி, சாப்பிடுங்க" என்றார் அண்ணி. "ஆறிடும்."